திங்கட்கிழமைக் குதிரை

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது உங்களுக்குக் கால் பின்னுகிறதா? உடம்பு கனக்கிறதா? பஸ் ஸ்டாப் வரை நடப்பதே பழநி பாதயாத்திரை மாதிரி இருக்கிறதா? கவலை வேண்டாம். இந்த வியாதி குதிரைக்கும் உண்டு. அதன் பெயரே 'திங்கட்கிழமைக் காலை வியாதி'தான். தமாஷ் இல்லை சார், கால்நடை டாக்டர்கள் பல காலமாகச் சொல்லி வரும் பெயர்.

ஒரே ஒரு வித்தியாசம். நமக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும். குதிரைக்கு உயிரே போகலாம்.

இதை நான் தெரிந்துகொண்டது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில். கம்பெனி வேலையாக மூன்று மாதம் மினியாபொலிஸில் இருந்தேன். கார் நம்பர் பிளேட்டில் கூட '10,000 ஏரிகள்' என்று எழுதிக்கொள்கிற ஊர். அக்டோபர் மாசம். ஏரிகளை எண்ணி முடித்து, துணி துவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தயிர் தோய்த்துக் கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, எங்கள் டீமில் இருந்த ஓர் அம்மணி, "சனி ஞாயிறு எங்க பண்ணைக்கு வாங்களேன். குதிரை இருக்கு" என்றார்.

குதிரை என்றால் எனக்குத் தெரிந்தது மெரினாவில் ரவுண்டு அடிக்கிற குதிரை, அய்யனார் குதிரை, கல்யாண ஊர்வலக் குதிரை. மூன்றிலும் நான் ஏறியதில்லை. சரி என்றேன்.

பண்ணை இருப்பது நார்த்ஃபீல்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். மினியாபொலிஸிலிருந்து தெற்கே எழுபது கிலோமீட்டர் சொச்சம். ரோட்டின் இரண்டு பக்கமும் அறுவடையான சோளக்கொல்லைகள். ஊருக்குள் நுழைந்தபோது காரின் ஜன்னலை இறக்கினேன். குப்பென்று ஒரு வாசனை! யாரோ ஊர் முழுக்கப் பாயசம் காய்ச்சுகிற மாதிரி.

"இது தானிய ஃபேக்டரி" என்றார் அம்மணி. காலை டிபனுக்குப் பாலில் போட்டுச் சாப்பிடுகிற தானியம், கஞ்சி மாவு எல்லாம் இங்கே 1920களிலிருந்து தயாராகிறது. 'மால்ட் ஓ மீல்' என்று பெயர். காற்றடிக்கிற திசையைப் பொறுத்து ஊருக்கே இனிப்பு வாசனை.

இந்த ஊருக்கு ஒரு வாசகம் உண்டு. 'பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு.' பசு இருக்கிறது. கல்லூரி இரண்டு இருக்கிறது. மனநிறைவுக்கு ஒரு முறைதான் பங்கம் வந்தது. 1876 செப்டம்பர் 7-ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் கோஷ்டியார் எட்டுப் பேர் குதிரையில் வந்து பாங்கைக் கொள்ளையடிக்கப் பார்த்தார்கள். ஜோசப் லீ ஹேவுட் என்று ஒரு பாங்க் ஊழியர். பெட்டகத்தைத் திறக்க மாட்டேன் என்று கடைசி வரை மறுத்துவிட்டார். சுட்டுக் கொன்றார்கள். அதற்குள் ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு தெருவில் இறங்க, கொள்ளையரில் இருவர் அங்கேயே காலி. மற்றவர்கள் ஓட்டம். பாங்க் கட்டிடம் இப்போது மியூசியம். கேஷ் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவர்கள் இந்த ஊர்ப்பக்கம் போனால் ஹேவுட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

கன்னான் ஆற்றைத் தாண்டி, மண் ரோட்டில் திரும்பி, பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் அம்மணியின் பெண் நின்றிருந்தாள். பன்னிரண்டு வயசு. அங்கிள் கிங்கிள் எதுவும் கிடையாது. நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சேடியைப் பார்க்கலாமா?" என்றாள்.

குதிரையின் பெயர் சேடி. நம் ஊர் நாடகங்களில் சேடி என்றால் ராணிக்குப் பின்னால் நின்று சாமரம் வீசுகிறவள். இங்கே ராணியே அவள்தான். சாமரம் வீசுவது இந்தக் குடும்பம்.

செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பின்பக்கம் பயில்வான் மாதிரித் தசை. 'குவார்ட்டர் ஹார்ஸ்' என்ற இனம். (அவசரப்படாதீர்கள். கால் மைல் ஓட்டத்தில் கெட்டி என்பதால் குவார்ட்டர்.) வயது பதினாலு. எடை சுமார் ஐந்நூறு கிலோ.

ஆனால் அவள் இருந்த இடம்தான் எனக்குப் புரியவில்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல். நடுவில் வேலி போட்டு, ஒரு புல்கூட இல்லாத மண் திடல். அந்தத் திடலுக்குள் சேடி. கல்யாண வீட்டில் பந்திக்கு எதிரே உட்காரவைத்துக் கையில் ரொட்டி கொடுத்த மாதிரி.

"பாவம், ஏன் அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"புல்லு அவளுக்கு விஷம்" என்றாள் பெண்.

குதிரைக்குப் புல் விஷம்! பூனைக்குப் பால் விஷம் என்கிற மாதிரி இருந்தது. அம்மணி கதையைச் சொன்னார்.

நாலு வருஷம் முன்னால் சேடியை மலிவாக வாங்கியிருக்கிறார்கள். விற்றவர் காரணமும் சொன்னாராம்: "நல்ல குதிரைதான், கொஞ்சம் சோம்பேறி." முதல் சில வாரம் பிரச்னை இல்லை. அப்புறம் ஒரு வாரம் விடாத மழை. குதிரையை லாயத்திலேயே கட்டிவைத்து, பாவம் போரடிக்குமே என்று வேளைக்கு வேளை ஓட்ஸ், வெல்லப்பாகு கலந்த தீவனம், நடுநடுவே ஆப்பிள் என்று கவனித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை உபசாரம். மழை விட்டதும் பெண் ஏறி உட்கார்ந்தாள். பத்து நிமிஷம்தான். சேடி நின்றுவிட்டாள்.

"சோம்பேறின்னு சொன்னாங்களே, அது ஞாபகம் வந்தது" என்றார் அம்மணி. "அவ குதிகாலால உதைச்சா. நான் கயித்தைப் பிடிச்சு இழுத்தேன். நாலடி வந்தா. அப்புறம் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டிச்சு. பின்தொடையைத் தொட்டுப் பார்த்தேன், மரக்கட்டை. அப்பவும் இழுத்தேன்..."

கொஞ்ச நேரம் பேசாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் சேடி போன மூத்திரம் டிகாக்ஷன் நிறத்தில் இருந்ததாம். டாக்டர் ஓடிவந்தார். ரத்தத்தில் தசை சிதைந்ததற்கான என்ஸைம் எக்கச்சக்கம். "இன்னும் பத்து நிமிஷம் இழுத்திருந்தா படுத்திருக்கும். எழுந்திருக்கிறது சந்தேகம்" என்றாராம்.

பிடரி மயிரில் கொஞ்சத்தை வேரோடு பிடுங்கிக் கவரில் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது. பாலிசாக்கரைட் ஸ்டோரேஜ் மயோபதி. மூச்சு வாங்குகிறதா? சுருக்கமாக பி.எஸ்.எஸ்.எம்.

பழைய காலத்தில் வண்டி இழுக்கிற, ஏர் உழுகிற பெரிய குதிரைகளுக்கு இது அடிக்கடி வரும். ஆறு நாள் உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஓய்வுநாளிலும் தீவனத்தைக் குறைக்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலை வண்டியில் பூட்டினால் கொஞ்ச தூரத்தில் குதிரை விறைத்து நின்றுவிடும். அதனால்தான் அந்தப் பெயர். எல்லாமே இந்த ஒரே வியாதிதான் என்று சொல்ல முடியாது. தசைப்பிடிப்பு பல காரணத்தால் வரும். ஆனால் அதில் ஒரு பெரிய கூட்டத்துக்குக் காரணம் பிற்பாடு தெரிந்தது. 1992-ல் ஸ்டெஃபனி வால்பெர்க் என்ற கால்நடை விஞ்ஞானியும் சகாக்களும் குவார்ட்டர் குதிரைகளில் இதை விவரித்தார்கள். 2008-ல், இந்தப் பண்ணையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், கோளாறான மரபணுவையே பிடித்துவிட்டார்கள். அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன்.

சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரையைத் தசைகள் 'கிளைகோஜன்' என்ற உருவத்தில் சேமித்து வைக்கும். ஓடும்போது எடுத்து எரிக்கும். நமக்கும் அப்படித்தான். இந்தச் சேமிப்பு வேலைக்கு ஒரு என்ஸைம் குமாஸ்தா உண்டு. சாதாரணக் குதிரையில் அவர் வேலை இருந்தால் செய்வார், இல்லாவிட்டால் டீ குடிக்கப் போவார். சேடி மாதிரிக் குதிரையில் அவர் சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். ராத்திரி பகல் டெபாசிட், டெபாசிட், டெபாசிட். கணக்கில் பணம் குவிகிறது. ஆனால் அவசரத்துக்கு எடுக்கப் போனால் கவுன்ட்டரில் ஆள் இல்லை. நம் பிராவிடண்ட் ஃபண்ட் மாதிரி. பணம் இருக்கிறது, ஆனால் இல்லை! தசை பட்டினியில் சிதைகிறது. சிதைந்த தசையின் சிவப்புச் சாயம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. அதுதான் அந்த டிகாக்ஷன். சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

ஆக, சோம்பேறி என்று விற்ற குதிரை சோம்பேறி இல்லை. வலி. சொல்லத் தெரியாத வலி.

"வித்துடலாமான்னு யோசிச்சோம்" என்றார் அம்மணி. "ஆனா வாங்குறவங்க ஓட்ஸ் போடுவாங்க. மறுபடி இதே கதை. இன்னும் நாலு பேர் இழுப்பாங்க. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்."

இதற்கு மருந்து மாத்திரையில் நிரந்தரத் தீர்வு கிடையாது. மரபணுவை மாற்ற முடியாது. தட்டை மாற்றலாம். வாழ்க்கையை மாற்றலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் பெண் எனக்கு சமையற்கட்டைச் சுற்றிக் காட்டினாள். சேடியின் சமையற்கட்டு.

முதலில் காய்ந்த புல். குதிரையின் எடையில் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு. சேடிக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ. சும்மா அள்ளிப் போடுவதில்லை, தராசில் நிறுத்துப் போடுகிறாள். அந்தப் புல்லிலும் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாம். புல்லை லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கி, சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். எங்கள் அப்பாவின் சுகர் ரிப்போர்ட் கூட அவ்வளவு ஒழுங்காக ஒட்டப்பட்டதில்லை.

சந்தேகமாக இருந்தால் ஊறவைப்பது. ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் புல்லை ஒரு மணி நேரம் முக்கி எடுத்தால் சர்க்கரை கரைந்து வந்துவிடும். தண்ணீர் வரட்டீ மாதிரி ஆகியிருந்தது. "இதைக் கொட்டிடணும், அவ குடிச்சிடக் கூடாது" என்றாள். அரிசி களைந்த தண்ணீரைக் கூட மாட்டுக்கு வைக்கிற பரம்பரையில் வந்தவன் நான். மனசு அடித்துக்கொண்டது.

தானியம் அறவே கிடையாது. ஓட்ஸ், சோளம், பார்லி, வெல்லப்பாகு, கேரட், ஆப்பிள், சர்க்கரைக்கட்டி எதுவும் இல்லை. ஊர் முழுக்கத் தானிய வாசனை அடிக்கிறது. சேடிக்கு வாசனையோடு சரி.

அப்படியானால் ஓடுவதற்குத் தெம்பு? கொழுப்பிலிருந்து. தசைக்கு எரிக்க சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பைக் கொடுத்துப் பழக்க வேண்டும். முதலில் சோயா எண்ணெயைக் கலந்து பார்த்தார்கள். சேடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் பிடித்தது எது தெரியுமா? பெண் ஒரு மூட்டையைத் திறந்து காட்டினாள். கையில் அள்ளி மோந்தேன். அசந்துபோனேன்.

தவிடு சார்! அரிசித் தவிடு!

பாட்டி வீட்டு மாட்டுக்கொட்டகை அப்படியே கண்ணெதிரே வந்து நின்றது. தவிட்டில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பாம். சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும் என்பதால் இங்கே சூடுபடுத்திப் பதம் செய்து விற்கிறார்கள். அரைக்கிலோவில் ஆரம்பித்து மெதுவாக அளவைக் கூட்டினார்களாம். மாவுச்சத்து அதிலும் கொஞ்சம் உண்டு, ஆகவே அதற்கும் கணக்கு. கூடவே உப்பு, வைட்டமின் ஈ. "குண்டுக் குதிரையா இருந்தா இதுகூடக் கொடுக்கக் கூடாது. இன்னும் குண்டாயிடும். அதுக்குப் புல்லும் நடையும் மட்டும்தான்" என்றாள் பெண்.

"வெளியில மேய விடவே மாட்டியா?"

"எப்பவாவது. வாய்க்கூடு மாட்டி." போரடிக்கும் மாட்டுக்கு நாம் கட்டுவோமே, அந்த மாதிரி ஒரு கூடை. அடியில் ஒரு சின்ன ஓட்டை. நுனிப்புல்லாகக் கொஞ்சம் கொஞ்சம்தான் வாய்க்குள் போகும். "அதுவும் காலங்கார்த்தால. புல்லு பகல் பூரா வெயில்ல சர்க்கரை செய்யும். சாயங்காலம்தான் உச்சம். ராத்திரி அதைச் செலவழிச்சு வளரும். விடியக்காலத்துல சர்க்கரை கம்மி. ஆனா..."

இந்த 'ஆனா'வில் அம்மணி உள்ளிருந்து பூசணிக்காய்ப் பணியாரம் மாதிரி ஏதோ ஒன்றோடு வந்தார். 'பம்ப்கின் பை.' மேலே கிரீம். நான் அதில் இறங்கிவிட்டேன். 'ஆனா'வுக்கு அப்புறம் பெண் சொன்னது என் காதில் ஏறவில்லை.

ராத்திரி அங்கேயே தங்கினேன். பயங்கரக் குளிர். ஞாயிறு காலை ஆறரைக்கு முழிப்பு வந்தது. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். ஒரு காபி கலந்துகொண்டு, இருந்த ஸ்வெட்டரையெல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மூச்சு விட்டால் புகை. புல்வெளி முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி. சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. யாரோ தரையில் ஜிகினாப் பொடி தூவின மாதிரி இருந்தது.

சேடி வேலியின் மேல் தலையை வைத்துக்கொண்டு அந்தப் புல்லையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எனக்கு அப்பா ஞாபகம். சர்க்கரை வியாதிக்காரர். கல்யாண வீடுகளில் லட்டுத் தட்டு தன்னைத் தாண்டிப் போகும்போது பார்ப்பாரே, அதே பார்வை. எத்தனை முறை அம்மாவுக்குத் தெரியாமல், "ஒண்ணே ஒண்ணுதானேப்பா" என்று நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்!

விடியற்காலையில் சர்க்கரை கம்மி என்று சொன்னாளே. இப்போது விடியற்காலைதானே? வாய்க்கூடு ஞாபகம் வந்தது. எப்படி மாட்டுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம்தானே...

கதவின் கொண்டியை எடுத்துவிட்டேன்.

சேடி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் புல்லில் போய் முகத்தைப் புதைத்தாள். 'கரக் கரக்' என்று கடிக்கிற சப்தம் கேட்கவே சந்தோஷமாக இருந்தது. புண்ணியம் செய்துவிட்ட திருப்தியோடு காபியைக் குடித்தேன். இன்னொரு காபிக்கு உள்ளே போனேன். நாற்பது நிமிஷம் இருக்கும்.

வாசலில் ஓர் அலறல்.

பெண் நைட்கவுனில், வெறுங்காலோடு, உறைபனியில் ஓடிக் கொண்டிருந்தாள். அம்மணி பின்னாலேயே. சேடியின் வாயிலிருந்து கடைசிப் பிடிப் புல்லைப் பிடுங்காத குறையாக இழுத்து வந்து திடலுக்குள் விட்டார்கள். பெண் என்னிடம் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"நேத்து சொன்னேனே!"

'ஆனா'வுக்கு அப்புறம் சொன்னது இதுதான். ராத்திரிக் குளிர் ஐந்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் புல் வளராது. வளராவிட்டால் பகலில் செய்த சர்க்கரை செலவாகாது. அப்படியே தண்டில் தங்கிவிடும். அதன் மேல் காலை வெயில் பட்டால் இன்னும் ஏறும். ஆகவே உறைபனி பெய்த வெயில் காலைதான் மேய்ச்சலுக்கு ஆக மோசமான நேரம். தாழ்வாரத்துத் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஃபாரன்ஹீட்டில் 28. நம் கணக்கில் மைனஸ் 2.

அவளுக்கு நான் கொடுத்தது புல் இல்லை. தாம்பாளம் நிறைய லட்டு.

அம்மணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்: "கட்டிப் போடாதீங்க, திடல்ல அவ இஷ்டத்துக்கு நடக்கட்டும். தண்ணி நிறைய வையுங்க. வேர்வை, விறைப்பு, குட்டைக் குட்டையா அடி வைக்கறது, இதுல எது தெரிஞ்சாலும் ஓர் அடிகூட நடத்தாதீங்க, உடனே கூப்பிடுங்க. முக்கியமா... மூத்திரம் பாருங்க."

பார்த்தோம். மூன்று பேரும் மண் திடல் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு குதிரை எப்போது மூத்திரம் போகும் என்று காத்திருந்தோம். என் வாழ்க்கையில் இன்டர்வியூ ரிசல்ட்டுக்குக் கூட அப்படிக் காத்திருந்ததில்லை. எட்டரை. ஒன்பதரை. பெண் கால் மணிக்கொரு தரம் போய்ப் பின்தொடையைத் தடவிப் பார்த்தாள். "மெத்துனுதான் இருக்கு" என்பாள், யாரையும் பார்க்காமல். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். குதிரைக்காக வேண்டிக்கொள்ள எந்த சாமி என்று தெரியவில்லை. அய்யனாரையும் சேர்த்துக்கொண்டேன்.

"நான் வேணும்னு செய்யலை" என்றேன் கடைசியில்.

"தெரியும்" என்றார் அம்மணி. "நாங்களும் வேணும்னு செய்யலை. ஓட்ஸும் ஆப்பிளும் ஆசையாத்தான் கொடுத்தோம்."

பத்தே முக்காலுக்கு சேடி கால்களை அகட்டி நின்றாள். மூன்று பேரும் வேலிக்கு ஓடினோம்.

வெளிர் மஞ்சள். கொஞ்சம் கலங்கல், ஆனால் மஞ்சள்!

பெண் சிரித்தாள். அன்று காலையில் முதல் தடவை. மறுபடி டாக்டருக்குப் போன். "நல்லது. எப்பவும் போல லேசா வேலை கொடுங்க. இன்னிக்கு லீவு விட்டுடாதீங்க" என்றார்.

அதுதான் இந்த வைத்தியத்தின் இன்னொரு பாதி. தட்டை மட்டும் மாற்றினால் போதாது. தினம் உடம்பு அசைய வேண்டும். அசைந்தால்தான் தசை கொழுப்பை எரிக்கப் பழகும், சேமித்ததைக் கொஞ்சமாவது செலவழிக்கும். சேடி தேறிய புதிதில் நீளக் கயிற்றில் கட்டி ஐந்து நிமிஷம்தான் ஓடவிட்டார்களாம். தினம் ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டிக் கூட்டி, ஒரு மாசத்தில் அரைமணி ஆயிற்று. ஒரு நாள் அரைமணி, மறுநாள் முழு ஓய்வு என்பது ஆகவே ஆகாது. கொட்டும் பனியிலும் இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் வெளியே வந்து அவளை நடத்துகிறார்கள். நாலு வருஷமாக ஒரு ஞாயிறு கூட லீவு இல்லை.

அன்றும் நடந்தது. பெண் நடுவில் நிற்க, சேடி வட்டமாக நடந்தாள், பிறகு மெல்ல ஓடினாள். பிடரி மயிர் வெயிலில் பறந்தது. இவளையா சோம்பேறி என்றார்கள்? எனக்கு எங்கள் செக்ஷனில் ஒருவர் ஞாபகம் வந்தது. எப்போதும் டேபிளில் தலை சாய்த்திருப்பார். நாங்கள் வைத்த பெயர் 'கும்பகர்ணன்'. அவருக்கு என்ன வலியோ, ஒருத்தரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை. அம்மணி வர ஒன்பது ஆயிற்று. லிஃப்ட் திறந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"இருபது நிமிஷம் ஓடினா. நல்லா இருக்கா" என்றார். பிறகு, "உங்களுக்கு ஒண்ணு கொடுத்தனுப்பியிருக்கா" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். பென்சிலில் பெண்ணின் கையெழுத்து. பெரிய எழுத்தில் ஒரே வரி. 'ஆனா'வுக்குப் பிறகு வருவதையும் கேட்கவும்.

பர்ஸில் வைத்திருக்கிறேன்.

சென்னைக்குத் திரும்பியபோது அப்பாவுக்கு சாக்லேட் வாங்கவில்லை. ஷூ வாங்கினேன். குதிரையின் வியாதி வேறு, அப்பாவின் வியாதி வேறு, எனக்குத் தெரியும். ஆனால் ஆசையாய்க் கொடுக்கிறேன் என்று கெடுப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுப்பினேன். அப்பா போர்வைக்குள்ளிருந்தே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை கூடவாடா?"

"ஞாயித்துக்கிழமைதாம்ப்பா முக்கியம்" என்றேன்.